நாணேறும் பழைய வில்

நுழையும்முன்

பழம்பொருள் ஒன்றைக் காப்பது ஒரு கலை. அதனை மீண்டும் தொழிற்படச் செய்வது வேறொரு கலை. சுவரில் தொங்கும் வில் அழகாக இருந்தால் போதும். கையில் ஏந்தும் வில்லோ முழு விசையையும் தாங்கியாக வேண்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வில் ஒன்று மீண்டும் அம்பு எய்யும் நிலைக்கு எவ்வாறு கொண்டுவரப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பழைய வீடுகளை ஒழிக்கும்போது பரணிலிருந்தோ நிலவறையிலிருந்தோ வில் ஒன்று கிடைப்பது அரிதன்று. தந்தையோ பாட்டனோ 1960களில் வாங்கி, மான்வேட்டைக்குக் கொண்டுசென்று, பின்னர் ஆணியில் மாட்டி மறந்துபோன வில் அது. நாண் இற்றுப்போயிருக்கும். வார்னிஷ் மஞ்சளித்து உரிந்திருக்கும். ஒரு முனை சற்றே முறுகியிருக்கும். பிடியின் அருகே மையால் எழுதப்பட்ட எண்கள் மங்கலாகத் தெரியும். அதனைக் கண்டெடுத்த பேரனுக்கோ பேத்திக்கோ முதலில் எழும் ஆசை, ஏதேனும் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்ப்பதுதான். அறுபது ஆண்டுகள் பிழைத்திருந்த வில் அந்த ஒரு நொடியில் முறிந்துபோவதுண்டு. இழுத்தவர் முகத்திலோ கையிலோ காயம் படுவதும் உண்டு.

காரணம் எளிது. 45 பவுண்டு இழுவை எடை கொண்ட வில்லை முழுமையாக இழுத்தால், அதில் ஏறத்தாழ 55 ஜூல் நிலை ஆற்றல் சேர்கிறது. ஒரு கிலோகிராம் பொருளை ஐந்தரை மீட்டர் உயரத்திற்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் அது. அத்தனையும் முகத்திலிருந்து ஒரு சாண் தொலைவில், விரல் பருமன்கூட இல்லாத இரண்டு பட்டைகளுக்குள் அடங்கி நிற்கிறது. ஆகவே செப்பனிடுவோர் முன் நிற்கும் முதல் வினா, இந்த வில்லை எவ்வாறு அழகாக்குவது என்பதன்று; இது இழுக்கத் தக்கதா என்பதே.

வில்லின் உடற்கூறு

இவ்வகை வில்லை ‘ரிகர்வ்’ என்பர். நாண் பூட்டாத நிலையில் இதன் இரு நுனிகளும் எய்பவரிடமிருந்து விலகி இலக்கை நோக்கி வளைந்திருக்கும். எனவே எதிர்வளைவு வில் எனத் தமிழில் கூறலாம். நாண் பூட்டியதும் அது நுனி வளைவின்மேல் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க நாண் அவ்வளைவை விட்டு மெல்ல எழும். அப்போது நெம்புகோலின் நீளம் கூடுவது போன்ற பயன் கிடைப்பதால், இழுவையின் இறுதியில் விசை திடீரெனக் கடினமாவதில்லை. குட்டையான வில்லிலும் நீண்ட இழுவை இயல்வது இதனாலேயே.

இவ்வடிவம் ஆசியாவுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. துருக்கியரும் கொரியரும் கொம்பு, மரம், விலங்கின் தசைநார் ஆகிய மூன்றையும் ஒட்டி எதிர்வளைவு விற்களைச் செய்தனர். இழுபடும் வெளிப்புறத்தில் தசைநார், அமுக்கப்படும் உட்புறத்தில் கொம்பு, இடையில் மரம் என்பது அவர்கள் கண்ட முறை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கர் அதே முறையைப் புதிய பொருள்களில் செய்தனர். கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் இயற்பியலாளர் 1930களில் வில்லின் இயக்கத்தை அளந்து ஆராய்ந்தார். பால் குளோப்ஸ்டெக், ஃபாரஸ்ட் நாக்லர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரைகள் 1947இல் நூலாயின. தட்டையான, செவ்வக வெட்டுமுகம் கொண்ட வில்லே சிறந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடியிழை வந்தது. மேப்பிள் மரத்தின் மெல்லிய பட்டைகளை நடுவில் வைத்து, இருபுறமும் கண்ணாடியிழைத் தகடுகளை ஒட்டும் வழக்கம் 1950களில் நிலைபெற்றது. மிச்சிகனின் கிரேலிங் நகரில் ஃபிரெட் பேர் நடத்திய தொழிற்சாலை அத்தகைய விற்களைப் பெருமளவில் செய்தது. அது 1978இல் புளோரிடா மாநிலத்திற்கு இடம்பெயர்ந்தது. எனவே கிரேலிங் பெயர் பொறித்த வில், அந்த ஆண்டுக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம்.

கையால் பற்றும் தடித்த நடுப்பகுதி பிடி. அதன் மேலும் கீழும் வளையும் பகுதிகளை மேற்புயம், கீழ்ப்புயம் எனலாம். இலக்கைப் பார்க்கும் பக்கம் வெளிமுகம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் உள்முகம். நாண் மாட்டப்படும் நுனி வெட்டுக்குக் குதை என்னும் பழந்தமிழ்ச் சொல் இருக்கவே இருக்கிறது. வில்லை இழுக்கும்போது வெளிமுகக் கண்ணாடியிழை இழுவிசையைத் தாங்குகிறது. உள்முகக் கண்ணாடியிழை அமுக்கவிசையைத் தாங்குகிறது. நடுவிலுள்ள மரத்தின்மேல் இவ்விரண்டும் மிகக் குறைவு. ஆயினும் இரு முகங்களும் ஒன்றையொன்று சறுக்கி விலகாமல் பிடித்து நிறுத்துவது அம்மரமும் பசையுமே. பசை விட்டுப்போனால் வில் ஒரே பொருளாக இல்லாமல், தனித்தனித் தகடுகளின் அடுக்காகிவிடும்.

பிளவைத் தேடுதல்

செப்பனிடும் வேலையில் பாதி நேரம் தேடுவதிலேயே கழிய வேண்டும். வில்லைப் பளபளப்பாக்கிய பின் சோதிக்கத் தொடங்குவோர் உண்டு. அது தலைகீழ் வழி. புதிய பூச்சு பழைய பிளவை மூடி மறைத்துவிடும். அடுத்து அந்த வில்லை வாங்குபவருக்கு அது பொறியாகிவிடும்.

முதலில் ஈரத்துணியால் தூசியும் பழைய மெழுகும் துடைக்கப்படுகின்றன. பின்னர் ஒரு பஞ்சு உருண்டை எடுக்கப்படுகிறது. அதனைப் புயத்தின் இரு முகங்களிலும் ஓரங்களிலும் நுனிமுதல் பிடிவரை மெல்ல இழுத்துச் செல்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத சிம்பு எங்கேனும் இருந்தால், பஞ்சின் ஓரிழை அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய ஒவ்வோர் இடமும் பென்சிலால் குறிக்கப்படுகிறது. இவ்வளவு எளிய கருவி இத்தனை நுட்பமாகக் கண்டுபிடிப்பது வியப்புக்குரியதே.

அடுத்து ஒளி. இருட்டறையில் கைவிளக்கை மேற்பரப்போடு படியச் சாய்த்துப் பிடித்தால், மெல்லிய கோடுகள் நிழலாகத் தோன்றும். இங்கேதான் அறிவும் பொறுமையும் தேவைப்படுகின்றன. தோன்றும் எல்லாக் கோடுகளும் பிளவுகள் ஆகா. வார்னிஷ் முதிர்ந்தால் வறண்ட குளத்துச் சேறுபோல் வெடிக்கும். அவ்வெடிப்பு கண்ணாடியிழைக்குள் இறங்குவதில்லை. நகத்தால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்துப் பூச்சை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் நீக்கிப் பார்த்தால், கோடு மறைகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். மறைந்தால் கவலை இல்லை.

கோடு நின்றால், அதன் திசையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியிழைத் தகட்டில் இழைகள் புயத்தின் நீளவாட்டில் கிடக்கின்றன. ஆகவே நீளவாட்டில் ஓடும் மெல்லிய கோடு, இரண்டு இழைகளுக்கு இடையிலுள்ள பிசின் விட்டுக்கொடுத்ததைக் காட்டுகிறது. இழைகள் அறவில்லை, சுமை தாங்கும் வலிமை பெரிதும் எஞ்சியிருக்கிறது. பல பழைய விற்கள் இத்தகைய கோடுகளோடே நெடுங்காலம் எய்யப்பட்டு வருகின்றன. குறுக்குவாட்டுக் கோடோ வேறு கதை. அது இழைகளே அறுந்ததன் அடையாளம். அறுந்த இழையை எந்தப் பசையாலும் மீண்டும் ஓரிழையாக்க இயலாது. புயத்தின் வளையும் பகுதியில் குறுக்குப் பிளவு கண்ட வில் மீண்டும் இழுக்கப்படலாகாது. எத்தனை அன்புக்குரியவரின் வில்லாயினும் இதற்கு விலக்கில்லை.

மூன்றாவது, செவி. ஒரு நாணயத்தால் புயத்தை விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு உறுதியாக உள்ள இடம் கணீரென ஒலிக்கும். அடுக்கு விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். பிடி மெலிந்து புயமாக மாறும் இடத்திலும், குதையைச் சுற்றியும் இச்சோதனை இருமுறை செய்யப்படுகிறது. தகைவு திரளும் இடங்கள் அவையே.

விட்ட ஒட்டு

அடுக்குப் பிரிவு ஓரத்தில் மட்டும், சிறிதாக இருப்பின் சரிசெய்யலாம். மெல்லிய தாள்துண்டை இடைவெளியில் செருகி ஆழம் அளக்கப்படுகிறது. உள்ளே பழைய மெழுகோ எண்ணெயோ இருந்தால் பசை பிடிக்காது. எனவே இடைவெளி நன்கு தூய்மை செய்யப்பட்டு உலர விடப்படுகிறது. மயிரிழை போன்ற இடைவெளிக்கு நீர்போல் ஓடும் சயனோ அக்ரிலேட் வகை உடனொட்டுப் பசை ஏற்றது. நுண்புழையேற்றத்தால் அது தானே உள்ளே இழுக்கப்படும். சற்றே அகன்ற இடைவெளிக்கு மெல்ல இறுகும் எப்பாக்சி பசை வேண்டும். பல் இடுக்கைத் தூய்மை செய்யும் நூலைப் பசையில் தோய்த்து, இடைவெளிக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பசையை அடிவரை சேர்ப்பர்.

பின்னர் அழுத்திக் கட்ட வேண்டும். இரும்புப் பற்றுக்கருவி ஓரிடத்தில் மட்டும் இறுக்கும். பசை முழுவதையும் வெளியே தள்ளிவிடவும் கூடும். மிதிவண்டிச் சக்கரத்தின் பழைய உட்குழாயை நீளமாக வெட்டி, புயத்தைச் சுற்றி இறுகச் சுற்றுவது சிறந்த முறை. அழுத்தம் எங்கும் சீராகப் பரவும். ஒரு நாள் முழுவதும் அசையாமல் விட்டு, அதன்பின்னும் சில நாள் பொறுத்தே வில்லுக்குச் சுமை கொடுக்கின்றனர். பிடியை ஒட்டிய இடத்திலோ புயத்தின் நடுவிலோ அகலம் முழுதும் அடுக்கு பிரிந்திருந்தால், இந்த மருத்துவம் பயன்படாது. தொழிற்சாலையின் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து செய்த ஒட்டை வீட்டு மேசையில் மீண்டும் உண்டாக்குவது கடினம்.

முறுகிய புயம்

பழைய எதிர்வளைவு வில்லுக்கு மிகுதியாக நேரும் குறை முறுக்கமே. நாண் பூட்டிய வில்லைச் சுவர் மூலையில் சாய்த்துவைப்பது, ஒரே ஆணியில் ஆண்டுக்கணக்கில் தொங்கவிடுவது, காலை வில்லுக்கும் நாணுக்கும் இடையே நுழைத்துத் தொடையால் வளைத்து நாணேற்றுவது ஆகியன இதற்குக் காரணங்கள். கடைசியில் கூறிய பழக்கம் கண்ணுக்கு வீரமாகத் தோன்றும். புயத்தைப் பக்கவாட்டில் திருகுவதும் அதுவே.

நாண் பூட்டிய வில்லை நுனியிலிருந்து, ஒரு கண்ணை மூடி, நீளவாட்டில் பார்த்தால் நாண் இரு புயங்களையும் நடுவாகப் பிளந்து செல்ல வேண்டும். ஒரு புயத்தில் அது ஓரத்தை நோக்கி விலகினால், அப்புயம் முறுகியுள்ளது. எதிர்வளைவு வில்லில் இதனைப் புறக்கணிக்க இயலாது. எய்தபின் நாண் நுனி வளைவிலுள்ள வரிப்பள்ளத்தில் வந்து விழ வேண்டும். பள்ளம் தவறிப் பக்கத்தில் விழுந்தால், நாண் புயத்தைவிட்டு வழுவும். புயம் மறுபுறம் புரண்டு முறியவும் கூடும்.

நல்வாய்ப்பாக, சிறு முறுக்கம் பெரும்பாலும் திருந்தக்கூடியது. நாண் இறக்கிய வில்லின் முறுகிய பகுதிமேல் சூடான நீர் சில நிமிடம் ஊற்றப்படுகிறது. கொதிநீர் ஆகாது, பழைய பசையை அது இளக்கிவிடக்கூடும். புயம் வெதுவெதுப்பானதும் முறுக்கத்திற்கு எதிர்த்திசையில், நேர்நிலையைச் சற்றே தாண்டும் அளவுக்குக் கையால் திருகிப் பிடித்துக்கொண்டு, குளிர்நீரில் ஆற விடுகின்றனர். பின்பு நாணேற்றிப் பார்க்கின்றனர். ஒரே நாளில் முழுப்பயன் கிடைப்பதில்லை. சில நாள்கள், சில வேளை சில வாரங்கள், இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். வலிந்து ஒரே மூச்சில் திருக முற்படுபவர் முறுக்கத்தை நீக்கும்போது பிளவை உண்டாக்கிவிடுவர்.

பூச்சும் எழுத்தும்

மேற்பூச்சு வேலை கண்ணுக்கு இனியது. உறுதியோடு அதற்குள்ள தொடர்பு சிறிது. மரத்தை ஈரத்திலிருந்து காப்பதே அதன் பணி. பூச்சை உரிக்க வேதிக் கரைப்பான்களைத் தவிர்க்க வேண்டும். அவை பூச்சோடு நில்லாமல் கண்ணாடியிழையின் பிசினையும் தாக்கக்கூடும். முகமூடி அணிந்து, ஈரமாக்கிய நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பதே பாதுகாப்பானது. கண்ணாடியிழை தட்டுப்பட்டவுடன் கை நிற்க வேண்டும். அதன்மேல் தேய்த்தால் இழைகள் கிளம்பும். இழுவை எடையும் குறையும். முன்னாள் உரிமையாளர் குறிபார்க்கும் கருவியைப் பொருத்தப் பிடியில் போட்ட திருகாணித் துளைகள், அதே வகை மரத்துண்டும் எப்பாக்சியும் கொண்டு அடைக்கப்படுகின்றன.

பிடியை ஒட்டிய கையெழுத்து எண்களைத் தொடலாகாது. வில்லின் நீளம், இழுவை எடை, வரிசை எண் ஆகியன அங்கே இருக்கும். 60 அங்குலம், 45 பவுண்டு என எழுதியிருந்தால், 28 அங்குல இழுவையில் 45 பவுண்டு விசை தேவை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். தொழிற்சாலையில் யாரோ ஒருவர் தம் கையால் அவ்வில்லை அளந்து எழுதிய சான்று அது. அழித்தால் வில்லின் பிறப்புச் சான்றிதழ் போய்விடும். சேகரிப்போர் சிலர், பழைய பூச்சையே தொடலாகாது என்பர். எய்வோர், ஈரம் புகுமுன் புதிதாகப் பூச வேண்டும் என்பர். பூச்சு உறுதியாக நிற்கும் இடத்தில் அதை விட்டுவிட்டு, மரம் வெளித்தெரியும் இடத்தில் மட்டும் பூசுவது இருவருக்கும் பொருந்தும் வழி.

நாண்

புதிய நாண் பழைய வில்லைக் கொல்லக்கூடும் என்பது பலரும் எதிர்பாராத செய்தி. 1980களில் பரவிய பாலிஎத்திலீன் இழை நாண்கள் மிக வலிமையானவை, ஏறத்தாழ நீளாதவை. அம்பு விரைந்து செல்லும். ஆனால் இரு புயங்களும் முன்னோக்கிப் பாய்ந்து நிற்கும் கணத்தின் அதிர்ச்சி முழுவதும் குதையில் இறங்குகிறது. இக்காலத்து விற்களின் நுனிகள் அதற்கென வலுவூட்டப்பட்டவை. 1960களின் விற்கள் டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் நாணுக்காகச் செய்யப்பட்டவை. டாக்ரான் சற்றே நீண்டு அதிர்ச்சியை உள்வாங்குகிறது. வேகத்திற்கு ஆசைப்பட்டு நாணை மாற்றினால் குதை பிளக்கும் இடர் உண்டு. ஆதலால் பழைய வில்லுக்கு டாக்ரானே உரியது.

நாண் பூட்டிய பின் பிடியின் குழிவுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி அளக்கப்படுகிறது. 60 அங்குல வில்லுக்கு அது ஏறத்தாழ ஏழரை முதல் எட்டரை அங்குலம்வரை இருக்கலாம். இடைவெளி குறைவாயின் நாணை இறக்கிச் சில முறுக்குகள் கூட்டுவர்; நீளம் குறைந்து இடைவெளி கூடும். மிகுதியாயின் முறுக்கைத் தளர்த்துவர்.

முதல் இழுவை

இப்போது வில்லுக்குத் தேர்வு. இரு நுனிகளிலும் தோல் உறைகளை மாட்டி, அவற்றை இணைக்கும் கயிற்றைக் காலால் மிதித்துப் பிடியை மேலே தூக்கும் முறையில் நாணேற்றப்படுகிறது. இம்முறையில் புயங்கள் பக்கவாட்டில் திருகுவதில்லை. கண்களுக்குக் காப்புக்கண்ணாடி கட்டாயம். ஓர் இரவு முழுவதும் வில் நாணோடு கிடக்கட்டும் என விட்டுவிடுகின்றனர். காலையில் பஞ்சும் விளக்கும் நாணயமும் மீண்டும் வருகின்றன.

அடுத்த சோதனையில் மனிதர் விலகி நிற்கின்றனர். பிடி சுவரில் பொருத்திய மரத்தாங்கியில் அமர்கிறது. நாணில் கட்டிய கயிறு கீழே ஒரு கப்பியின் வழியாகச் சென்று, பல அடி தள்ளி நிற்பவர் கைக்கு வருகிறது. முதலில் சில அங்குலமே இழுத்து மெல்லத் தளர்த்துகின்றனர். பத்து முறை, இருபது முறை. பிறகு இன்னும் சிறிது தொலைவு. இரு புயங்களும் ஒத்த வளைவில் வளைகின்றனவா என்று கண் பார்க்கிறது. ‘டிக்’ என்னும் சிற்றொலி வருகிறதா என்று காது கேட்கிறது. ஒலி வந்தால் வேலை அங்கேயே நிறுத்தப்படும். 28 அங்குலத்தை அடைந்ததும் கயிற்றுக்கும் நாணுக்கும் இடையே தராசு மாட்டி இழுவை எடை அறியப்படுகிறது. எழுதப்பட்ட எண்ணைவிட ஓரிரு பவுண்டு குறைந்திருப்பின் அது முதுமையின் இயல்பு.

இத்தேர்வில் தேறாத வில்லின் நாண் அவிழ்க்கப்படுகிறது. அறியாதவர் எவரும் மீண்டும் நாணேற்றாதபடி, பிளவின் இடத்தைக் குறிப்பிடும் சீட்டு ஒன்று பிடியில் கட்டப்பட்டு, வில் சுவருக்குச் செல்கிறது. பாட்டனின் வில்லை எய்ய விரும்பியவருக்கு இது வருத்தமே. ஆயினும் பிளவுற்ற வில்லை நம்பி இழுத்துப் பார்க்கும்படி அவரிடம் சொல்ல, பொறுப்புள்ள எந்தக் கைவினைஞரும் துணியார்.

தேறிய வில்லுக்கு அம்பு தேர்ந்தெடுக்கப்படுகிறது. எடை குறைந்த அம்பு, வில்லின் ஆற்றலில் சிறு பங்கையே எடுத்துச் செல்லும். மீதி புயங்களுக்கே திரும்பும். அம்பே இல்லாமல் நாணை விடுவது இதன் உச்சம். நல்ல வில்லும் அதனால் முறியும். அம்பெடையை அமெரிக்க வில்லாளர் கிரெயின் என்னும் அலகால் அளப்பர். இழுவை எடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒன்பது கிரெயினேனும் அம்பு இருப்பது பழைய வில்லுக்கு நன்று. 45 பவுண்டு வில்லுக்கு அது ஏறத்தாழ 26 கிராம்.

முதல் அம்பு நெருங்கிய தொலைவில், வைக்கோல் திண்டின்மேல் எய்யப்படுகிறது. இழுவை முழுமையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது அம்புகளில் இழுவை சற்றே கூடுகிறது. இருபதாவது அம்புக்குப்பின் நாண் இறக்கப்பட்டு, வில் மேசைமேல் கிடத்தப்படுகிறது. புதிய பஞ்சு உருண்டை ஒன்று மேற்புயத்தின் நுனியிலிருந்து பிடியை நோக்கி மெல்ல நகர்கிறது.